ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் அரை மணித்தியாலம்

அந்த வருசங்களில் எங்கள் ஆற்றின் இரண்டு கரைக்கும் இரண்டு நேரம் இருந்தது. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். கிழக்கே எழுவான்கரை, அரசாங்கத்து ஆமியின் கையில். மேற்கே படுவான்கரை, ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில். நாங்கள் படுவான்கரை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப்போகிறோம் என்று அரசாங்கம் ஒருநாள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. கொஞ்ச மாதத்தில் அது சரிவராமல் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. இயக்கம் பழைய நேரத்தை விடவே இல்லை. ஆகவே அக்கரையில் ஆறரை என்றால் இக்கரையில் ஆறு. மின்சாரமே இல்லாத எங்களுக்கு ஏன் இந்தக் கூத்து என்று நான் கேட்காத ஆள் இல்லை.

அந்த அரை மணித்தியாலம் என் வீட்டுக்காரரை என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று சொல்கிறார்கள். குறையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

அவர் ஆற்றில் இறால் பிடிக்கப் போகிறவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். இவர் ஒரு பெட்டி உடுப்பும் இரண்டு வலையும் கொண்டு வந்தார். தலைகீழாய்ப் போன ஒரு நாளையும் கூடவே கொண்டு வந்தார். பொழுது பட்டதும் விளக்கோடு தோணியில் ஏறுவார். விடியப்போகும்போது கரைக்கு வருவார். வந்த கையோடு ஒரு சட்டி சோறு வேண்டும், புளி விட்ட மீன் ஆணத்தோடு. ஊர் எழும்பும் நேரம் அவர் பாயில் விழுவார். இந்த மனிசனோடு எப்போது இருந்து கதைப்பது என்று புதிதில் நான் அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. இருபது வருசம் அப்படியே ஓடியது.

பிறகு, இருட்டினால் ஆற்றில் தோணி இறங்கக் கூடாது என்று ஆமி சொன்னான். பொருட்படுத்தாமல் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் மூன்றாம் நாள் ஆற்றோரக் கண்ணாப் பற்றைக்குள் பிணமாக ஒதுங்கினார். மற்றவரை இன்றுவரை காணவில்லை. அதோடு ஊரில் எல்லோரும் வலையைச் சுருட்டிக் கூரையில் செருகினார்கள்.

இரவு வேலை போனாலும் இரவு முழிப்பு அவரை விட்டுப் போகவில்லை. ஊர் அடங்கிய பிறகு அவர் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பார். நடந்து களைத்தால் பானையைத் திறப்பார். காலையில் பழஞ்சோறு இருக்கும் என்று போனால் வழித்த பானைதான் இருக்கும்.

"எலி புகுந்திட்டா?" என்று கேட்பேன்.

"ஓம், பெரிய எலி," என்பார். சிரிப்புக்கூட வராது எனக்கு. அரிசி கிடைக்கிற காலமா அது.

ஒரு வருசம் போகவில்லை, மனிசன் மெலிந்தார். சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது. ஒரு குடம் தண்ணீர் அவருக்கே போதாது. வளவின் மூலையில் அவர் சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்த அன்று எனக்கு விளங்கிவிட்டது. என் தகப்பன் செத்ததும் அதே சீனி வருத்தத்தில்தான். மறுநாளே இழுத்துக்கொண்டு எழுவான்கரைக்குப் போனேன்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு சின்னப் பெண், ரவுனில் வளர்ந்த பட்டணத்துப் பிள்ளை. இரத்தம் பார்த்தாள், சலரோகம் என்றாள். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று அவரைக் கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்த டொக்டரும் எங்களிடம் கேட்டதில்லை. அவர் சொல்லச் சொல்லப் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உடம்புக்குள்ள ஒரு மணிக்கூடு இருக்கு. சூரியன்தான் அதுக்குச் சாவி குடுக்கிற. பகலில சாப்பிட்டா சோத்தில இருக்கிற சீனிய உடம்பு எடுத்து வேலைக்கு விடும். ராவில உடம்பு கடையப் பூட்டிரும். பூட்டின கடைக்கு முன்னால மூட்டைய இறக்கினா அது றோட்டிலதானே கிடக்கும்? உங்கட ரத்தத்தில சீனி அப்பிடித்தான் கிடக்கு."

"நான் இருவது வருசமா ராவில சாப்பிட்டவன். அப்ப வராத வருத்தம் இப்ப என்னத்துக்கு வந்த?"

"அப்பவும் உள்ளுக்க அரிச்சுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனா அப்ப ராவில வேலை இருந்திச்சு, பகலில நித்திரை இருந்திச்சு. இப்ப ரெண்டும் இல்ல. சோறு மட்டும்தான் இருக்கு."

திரும்பி வரும்போது, ஆற்றில் ஒரு நாள் கால் நனைக்காத பிள்ளை எனக்குப் புத்தி சொல்கிறாள் என்று முணுமுணுத்தார். எனக்கோ அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மண்டையில் ஏறிவிட்டது.

குளிசைக்கு வருத்தம் அடங்கவில்லை. இன்சுலின் ஊசிக்கு மாற்றினார்கள், காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. மருந்துப் போத்தலை இக்கரைக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும். அதை அக்கரைச் சென்றிக் காவலரணில் ஆமி வாசிப்பான், இக்கரையில் இயக்கப் பெடியன்கள் வாசிப்பார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத ஊரில் ஈரமணல் போட்ட முட்டிக்குள் போத்தலைப் புதைத்து வைத்தேன். ஊசி போடவும் படித்துக்கொண்டேன். டொக்டர் ஒரு விசயத்தை மட்டும் மூன்று தரம் சொன்னாள்: ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பாடு. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது, பிந்தினால் இரத்தத்தில் சீனி ஒரேயடியாய் இறங்கிவிடும். கை நடுங்கினால், குப்பென்று வேர்த்தால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும்.

ஆமிக்கு ஒரு சென்றி, இயக்கத்துக்கு ஒரு சென்றி, இவருக்கு மூன்றாவது சென்றி நான். சோற்றுப்பானையை என் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். விடிந்ததும் ஊசி, அரை மணித்தியாலத்தில் பிட்டோ சோறோ. பொழுது சாய முதல் ஊசி, அரை மணித்தியாலத்தில் கடைசிச் சாப்பாடு. அதற்குப் பிறகு தண்ணீர்தான். கெஞ்சினார், ஏசினார், ஒரு தரம் பானையோடு மல்லுக்கட்டினார். நான் அசையவில்லை. அவரை விட எனக்குப் பிடிவாதம் கூட.

ஏழெட்டு மாதத்தில் உடம்பு திரும்பத் தொடங்கியது. இரவில் குறட்டை கேட்டது. முதல் தரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு முழித்திருந்தேன், அவ்வளவு சந்தோசம். காலையில் காகம் கத்தும்போது எழும்பிப் பசிக்குது என்றார். காலையில் பசிக்கிறது என்று அந்த மனிசன் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. பாதையில் கயிறு இழுக்கிற வேலைக்கும் சேர்ந்தார். பாதை என்றால் இரண்டு தோணியைப் பிணைத்து மேலே பலகை அடித்தது. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து ஆட்களையும் சைக்கிளையும் அக்கரைக்கு ஏற்றுவது. பகல் வேலை. ஆளைப் பார்த்தவர்கள், காப்பாற்றிவிட்டாய் என்று என்னிடம் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

பாதையை எப்போது இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது ஆமி. ஆகவே அவருடைய கைமணிக்கூடு அக்கரை நேரத்தில் ஓடியது. வீட்டுச் சுவரில் இருந்த மணிக்கூடு என் தகப்பன் வாங்கியது, ஊரோடு சேர்ந்து பழைய நேரத்தில் ஓடியது. ஊசியையும் சோற்றையும் நான் சுவரைப் பார்த்துத்தான் நடத்தினேன். இதை வைத்து அவர் பகிடி விடுவார். ஊசி போட்டுப் பத்து நிமிசம் போனதும் கையை நீட்டிக் காட்டுவார்.

"இஞ்ச பார் புள்ள, ஆமி நேரத்தில சாப்பாட்டு நேரம் தாண்டிட்டு. போட்டிரன்."

"அப்ப ஆமிக்கிட்டப் போய்ச் சாப்பிடுங்க," என்பேன். இது எங்களுக்குள் தினமும் நடந்த பகிடி.

அன்று அடுத்த வளவில் செத்தவீடு. இயக்கத்துக்குப் போன பிள்ளை, பெட்டியை மூடியபடியே கொண்டு வந்தார்கள். தாயைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பின்னேரம் வரைக்கும் நான் அங்கேதான் நின்றேன். இரவுச் சோறும் ஆணமும் முன்னமே ஆக்கி மூடி வைத்திருந்தேன். செத்தவீட்டால் வந்தால் குளிக்காமல் அடுக்களைக்குள் போக முடியாது. கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு உள்ளே வரும்போது சுவரில் ஆறு மணி தாண்டி ஐந்து நிமிசம். அவர் வந்து தூணோடு சாய்ந்து இருந்தார்.

"ஊசி?" என்று கேட்டேன்.

"நீ இல்லை எண்டு நானே போட்டுட்டன். ஆறு மணிக்கு."

ஐந்து நிமிசத்துக்கு முதல் போட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இனி ஆறரைக்குச் சோறு. நேரம் பிந்திப் போட்டாரே என்று ஒரு சின்னக் கோபமும் வந்தது. அவர் சொன்ன ஆறு மணி அவர் கையில் இருந்த ஆறு மணி. அது எங்கள் சுவரில் ஐந்தரை. ஊசி போட்டு அதற்குள்ளேயே அரை மணித்தியாலம் தாண்டிவிட்டது. சோறு போட வேண்டிய நேரம் அதுதான்.

"சோத்தப் போடு புள்ள, பசிக்குது," என்றார்.

"இப்பதானே ஊசி போட்டீங்க. பொறுங்க."

கையை நீட்டினார். "ஆறரை தாண்டிட்டு. இஞ்ச பார்."

தினமும் விடுகிற பகிடி என்றே நினைத்தேன். செத்தவீட்டில் அழுது களைத்து வந்தவள், பகிடிக்கு நான் தயாராக இல்லை. "உங்கட ஆமி நேரம் எனக்கு வேணாம். இந்த வீட்டில சுவரில இருக்கிற நேரம்தான் நேரம்," என்றேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் வேர்த்திருந்தது. கயிறு இழுக்கிற மனிசன், தினமும் வேர்வையோடுதான் வருவார். புழுக்கமும் அப்படி. இதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு தரம் கேட்டார். "ஒரு வாய் எண்டாலும் தாவன்."

"பொறுங்க எண்டு சொன்னனெல்லா."

அவர் பொறுத்தார். இருபது வருசத்துக்கு மேலாக என் சொல் ஒன்றையும் ஒழுங்காகக் கேட்காத மனிசன் அன்றைக்குக் கேட்டார். நான் ஆணத்தைச் சூடாக்க அடுப்புக்கு முன் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது, நாக்குத் தடித்த மாதிரி. "பொழுது பட்டுட்டு, வலையக் கொண்டா. விளக்குக்கு எண்ணெய் விட்டயா?" ஆற்றுக்குப் போய் எத்தனை வருசம். சோறு கொடுக்காத கோபத்தில் என்னை நக்கலடிக்கிறார் என்று நினைத்து, "ஓம், போய் ஆமிட்டச் சூடு வாங்குங்க," என்று அடுப்படியில் இருந்தே சொன்னேன். ஆணம் கொதித்ததும் இறக்கி வைத்தேன்.

சுவர் மணிக்கூட்டில் ஆறரை ஆனது. சரியாக ஆறரைக்கு நான் சோற்றுக் கோப்பையோடு வெளியே வந்தேன். அவர் தூணடியில் சரிந்து கிடந்தார். வாயோரம் நுரை. உடுப்பு நனைந்து ஒட்டியிருந்தது.

டொக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பனங்கட்டியைப் பொடியாக்கிக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தேன். சத்தம் கேட்டுச் செத்தவீட்டில் நின்ற சனம் ஓடி வந்தது. "என்னகா நடந்த?" என்று கேட்டவர்களிடம், பாயைப் பிடியுங்கள் என்றேன். நாலு பேர் பாயோடு தூக்கித் துறைக்குக் கொண்டுபோனோம். பாதையை ஆமி தன் கரைக்கு இழுத்துப் பூட்டியிருந்தான். தோணி கட்டியிருந்தது, தள்ள ஆள் இருந்தது, இறங்கினால் சுடுவான். வெள்ளைத் துணி காட்டிப் பார்த்தோம். அக்கரையில் இருந்து வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தான். விடியுமட்டும் அந்தத் துறையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் பனங்கட்டி தேய்த்துக்கொண்டு இருந்தேன். அவர் பையில் பகல் சோற்றுப் பொதி அவிழ்க்காமல் இருந்தது. பகல் முழுக்க ஆமிக்காரர் பாதைக்காரரை வெயிலில் நிறுத்தி வைத்துச் சோதித்தார்களாம். கூட வேலை செய்தவர் விடியப்புறம்தான் சொன்னார்.

காலையில் முதல் பாதையில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே டொக்டர்ப் பிள்ளைதான் நின்றாள். நரம்பில் சீனி ஏற்றினார்கள். மூச்சு வந்தது, ஆள் வரவில்லை. அவள் என்னைத் தனியாக இருத்திக் கேட்டாள்.

"ஊசி எத்தினை மணிக்குப் போட்ட?"

"ஆறு மணிக்கு."

"சாப்பாடு?"

"ஆறரைக்குக் குடுக்கப் போனன், அதுக்கிடையில விழுந்துட்டார்."

அவள் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். "எந்த ஆறு மணி அம்மா? எங்கட ஆறா, உங்கட ஆறா?"

அவர் கையில் இருந்து கழற்றிய மணிக்கூட்டைத் தாதி மிஸ்ஸி என்னிடம் தந்திருந்தாள். அது என் முந்தானையில் முடிந்து கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரிச் சுவரையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரம். நீட்டின கையை நான் பார்க்கவே இல்லை. மனிசன் பொய் சொல்லவில்லை, பகிடியும் விடவில்லை. பசிக்குது என்றுதான் சொன்னார்.

"உங்கட பிழை இல்ல," என்றாள் அந்தப் பிள்ளை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் கண் திறந்தார். என்னைப் பார்த்து, "நீங்க ஆர்?" என்று கேட்டார், மரியாதையாகத்தான். மூளைக்குச் சீனியை விட்டால் வேறு சாப்பாடு இல்லை, அது ஓர் இரவு முழுக்கப் பட்டினி கிடந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னாள். நடக்கலாம், சாப்பிடலாம், பேச்சும் கொஞ்சம் வரும். பழைய ஆள் வர மாட்டார் என்றாள்.

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பெயர் மறந்தது, ஆறு மறந்தது, என்னை ஒருநாள் தாய் என்பார், ஒருநாள் மிஸ்ஸி என்பார். பொழுதும் மறந்துபோனது. உச்சி வெயிலில் நித்திரை கொள்வார், சாமத்தில் எழும்பி இருப்பார். பட்ட பாடெல்லாம் பட்டு நான் திருப்பி எடுத்த அந்த உடம்பு மணிக்கூடு நின்றுவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. எழும்பிய நேரமெல்லாம், "பசிக்குது, சோறு தா," என்று கேட்பார்.

நான் கொடுத்தேன். சாப்பிட்டுக் கோப்பை காய முதல் கேட்டாலும் கொடுத்தேன். கோழி கூவ முதல் எழும்பி அடுப்பு மூட்டி ஆக்கிக் கொடுத்தேன். அரிசி இல்லாத நாளில் அடுத்த வளவில் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். ஊசி ஒழுங்காகத்தான் போட்டேன், ஆனால் சோறு வந்துகொண்டே இருந்தால் ஊசி என்ன செய்யும். கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்கதானே குடுக்கிற?"

"ஓம்."

"ராவிலயும்?"

"ஓம்."

"இப்பிடிக் குடுத்தா கால் போகும், கண் போகும், சிறுநீரகம் போகும். உங்களுக்கு நான் சொல்லித் தரவா வேணும்? முந்தி நீங்கதானே அவரைத் திருத்தி எடுத்தீங்க. நேரத்துக்குக் குடுங்க. மத்த நேரம் கேட்டா, கொஞ்சம் பொறுங்க எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றிரவே கேட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்தேன், வேர்த்திருந்ததா இல்லையா என்று பார்த்தேன். எழும்பிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் பெருவிரல் கறுத்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காலை எடுத்த அன்றும், மயக்கம் தெளிந்ததும் சோறுதான் கேட்டார். நாலாம் வருசம் உடம்பு வீங்கிச் செத்தார். ஊர்ச் சனம் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. கடைசி மட்டும் ஒரு நேரம் பட்டினி போடாமல் பார்த்தாள், புண்ணியவதி என்று ஒப்பாரியிலே வைத்துப் பாடினார்கள். அவர் இன்னும் சில வருசம் இருக்க, பொறுங்க என்ற ஒரு சொல் போதும் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினாள். அதை இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.